பயிற்சிக்குப் பணம் இருக்கிறது. வார்டைப் பார்த்துக்கொள்ள யார்?

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிங்கப்பூரில் ஒரு தாதிமை இல்லத்தில் (நர்சிங் ஹோம்) இருக்கும் பெரியம்மாவைப் பார்க்கப் போனேன். வீட்டில் வைத்த மிளகு ரசத்தை ஃபிளாஸ்க்கில் ஊற்றி எடுத்துப் போயிருந்தேன். பக்கவாதம் வந்த பிறகு பெரியம்மாவுக்குச் சாப்பாட்டில் நாட்டம் குறைந்துவிட்டது. ரசம் என்றால் மட்டும் முகம் மலரும். ஒரு கரண்டி எடுத்து வாயருகே கொண்டுபோனபோது பின்னாலிருந்து ஒரு கை வந்து தடுத்தது. மியன்மாரிலிருந்து வந்து அங்கே வேலை செய்யும் இளம்பெண். "வேண்டாம் அங்கிள், வேண்டாம்" என்றார். அந்த 'வேண்டாம்' தமிழிலேயே வந்தது.

கிண்ணத்தை வாங்கிப்போய் ரசத்தை வடிகட்டினார். கெட்டியாக்கும் பொடியை அளந்து போட்டுக் கலக்கிச் சற்று நேரம் வைத்தார். பிறகு கரண்டியைச் சாய்த்துப் பார்த்தார். தண்ணீராக ஓடாமல் தேன்போல வழிந்தது. ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுப் பெரியம்மாவின் கண்ணுக்கு நேராக உட்கார்ந்து, தேக்கரண்டியில் பாதியளவு கொடுத்தார். தொண்டை ஒருமுறை ஏறி இறங்கும்வரை அடுத்த கரண்டியை எடுக்கவில்லை.

விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்கு ரசம், மோர், காப்பி எல்லாமே ஆபத்து. நீர்த்த திரவம் வேகமாக ஓடி மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும். அது நுரையீரல் அழற்சியில் கொண்டுபோய் விடும். உணவையும் பானத்தையும் 0 முதல் 7 வரை எட்டு நிலைகளாகப் பிரிக்கும் உலகப் பொதுத்தரம் ஒன்று உண்டு. நம் வீட்டு ரசம் அதில் 0. பெரியம்மாவுக்கு அது கூடவே கூடாது. எனக்கு இது அன்றுவரை தெரியாது. அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருந்தது, ஏனென்றால் யாரோ அவரை உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த வகுப்புக்கு யாரோ பணம் கட்டியிருக்கிறார்கள். அவர் வகுப்பில் இருந்த நேரம் அவருடைய வார்டை வேறு யாரோ பார்த்திருக்கிறார்கள்.

மூத்தோர் பராமரிப்புக்கான நிதியும் பயிற்சியும் சிங்கப்பூரில் எப்படி ஓடுகின்றன என்று அதற்குப் பிறகுதான் படிக்கத் தொடங்கினேன். அறிவிப்புகள் நிறையவே வருகின்றன, தொகைகளும் பெரியவை. ஆனால் ஓர் இல்லத்தை நடத்துகிறவரிடம் பத்து நிமிடம் பேசினால் போதும், அவருடைய கவலை பயிற்சிக் கட்டணத்தைப் பற்றியதாக இருக்காது. ஊழியரை வகுப்புக்கு அனுப்பிய அந்த ஒரு நாளை எப்படிச் சமாளிப்பது என்பதுதான் அவருடைய தலைவலி.

எவ்வளவு பேர், எவ்வளவு படுக்கை

2010இல் சிங்கப்பூர்க் குடிமக்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் 65 வயதைக் கடந்தவர். 2030இல் அது ஏறத்தாழ நால்வரில் ஒருவராக இருக்கும். 21 விழுக்காட்டைத் தாண்டினால் 'மிகவும் மூப்படைந்த சமுதாயம்' என்று சொல்வார்கள். அந்த எல்லைக்கு 2026இல் வருவோம் என்று பல ஆண்டுகளாகவே சொல்லப்பட்டு வந்தது. தாதிமை இல்லப் படுக்கைகள் 2020இல் 16,000க்குச் சற்று மேல் இருந்தன. 2030க்குள் 31,000க்கு மேல் கொண்டுபோவது சுகாதார அமைச்சின் திட்டம். பத்தே ஆண்டில் கிட்டத்தட்ட இரட்டிப்பு.

கட்டடத்தைப் பொறுத்தவரை வழி இருக்கிறது. பல இல்லங்களை இப்போது அரசாங்கமே கட்டி, நடத்தும் அமைப்புக்குக் குத்தகைக்கு விடுகிறது. அதனால் ஓர் அறநிறுவனம் நிலத்துக்கும் கட்டடத்துக்கும் கோடிக்கணக்கில் திரட்ட வேண்டிய நிலை குறைந்துவிட்டது. ஆனால் ஒரு படுக்கை கூடினால் இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அந்தப் படுக்கையில் இருப்பவரைப் புரட்டிப் படுக்கவைக்க ஆள் வேண்டும். புரட்டாவிட்டால் படுக்கைப்புண் வரும். அந்த ஆளைக் குத்தகைக்கு எடுக்க முடியாது.

2023 தேசிய தினப் பேரணியில், பிரதமரின் உரையில் அறிவிக்கப்பட்ட 'ஏஜ் வெல் எஸ்ஜி' திட்டத்துக்கு, 2024 வரவுசெலவுத் திட்டம் பத்தாண்டுகளுக்கு 3.5 பில்லியன் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) ஒதுக்கியது. இயன்றவரை மூத்தோர் தம் வீட்டிலும் பேட்டையிலும் இருந்தபடியே வயதாக வேண்டும் என்பது அதன் நோக்கம். வீவக (அரசாங்க அடுக்குமாடி வீடுகள்) புளோக்குகளின் கீழ்த்தளத்தில் நாம் பார்க்கும் துடிப்புடன் மூப்படையும் நிலையங்கள் அதில் பெரிய பகுதி. 2025க்குள் 220 நிலையங்கள் என்பது இலக்காக இருந்தது. காலையில் நாற்காலி உடற்பயிற்சி, பத்து மணிக்குக் காப்பி, தனியாக இருக்கும் தாத்தாவின் வீட்டுக்கதவைத் தட்டிப் பார்ப்பது என்று ஓடும் இந்த நிலையங்களுக்கும் ஆள் வேண்டும், அந்த ஆளுக்கும் பயிற்சி வேண்டும்.

பணம் எந்த வழியாக வருகிறது

ஓர் இல்லத்தின் கைக்கு வரும் பணத்தை ஒரே குவியலாக நினைத்துக்கொள்வதால்தான் குழப்பம் வருகிறது. முதலாவது, அங்கே தங்கியிருக்கும் ஒவ்வொருவரின் பெயரிலும் வரும் மானியம். குடும்பத்தில் தலைக்கு மாதம் எவ்வளவு வருமானம் என்று பார்த்து அது முடிவாகிறது. 2025இல் அறிவித்தபடி, 2026 ஜூலை முதல் இந்த மானியத்துக்கான வருமான வரம்பு 3,600 வெள்ளியிலிருந்து 4,800 வெள்ளியாக உயர்கிறது. குடும்பங்களுக்கு நல்ல செய்தி. இல்லத்தின் அலுவலகத்துக்கோ, ஒவ்வொருவருக்கும் கட்டணத்தை மறுபடி கணக்கிட்டு, குடும்பத்தைக் கூப்பிட்டு விளக்கும் வேலை. இந்தப் பணம் அன்றாடச் செலவுக்குப் போகிறது. அதில் பயிற்சிக்கு என்று பெரிதாக எதுவும் மிஞ்சாது.

இரண்டாவது, பயிற்சிக்கென்றே வரும் பணம். இதில் பல கைகள் இருக்கின்றன. மக்களின் வேலைத்திறனை வளர்க்கும் அரசாங்கத்தின் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் அமைப்பு, தான் அங்கீகரித்த பயிற்சிக் கட்டணத்தில் பொதுவாக 50 விழுக்காடு வரையிலும், 40 வயதைக் கடந்த குடிமக்களுக்கு 70 விழுக்காடு வரையிலும் கொடுக்கிறது. 2024 மே மாதம் 40 வயதைத் தாண்டிய குடிமக்களின் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கணக்கில் கூடுதலாக 4,000 வெள்ளி போட்டார்கள். அலுவலக வேலையை விட்டு இந்தத் துறைக்கு வர நினைக்கும் அக்காமார்கள் அந்தக் கணக்கைத் திறந்து பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். வேலை மாறுகிறவர்களுக்கு 'சிங்கப்பூர் ஊழியரணி' அமைப்பின் வாழ்க்கைத்தொழில் மாற்றுத் திட்டங்களும் உண்டு. புதிதாக எடுத்த ஊழியரின் பயிற்சிக் காலச் சம்பளத்தில் பெரும்பகுதியை முதலாளிக்கு அரசாங்கம் திருப்பித் தரும். சமூகப் பராமரிப்புத் துறைக்கென்று ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பு தனியாகப் பயிற்சியும் படிப்பு உதவித்தொகையும் தருகிறது. உதவித்தொகையில் படித்தவர் சில ஆண்டுகள் துறையில் பணிபுரிய ஒப்பந்தம் போட வேண்டும்.

மூன்றாவது, நன்கொடையும் அதற்கு ஈடாக அரசாங்கம் போடும் பணமும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஒரு நாள் வகுப்பின் கணக்கு

பயிற்சிக் கட்டணத்தில் பெரும்பகுதி கிடைத்துவிடுகிறது என்றால் பிரச்சினை எங்கே? ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஊழியர் பயிற்சிக்குப் போகும் நேரத்துக்கு நிறுவனத்துக்கு ஈடு கொடுக்கும் ஏற்பாடு ஒன்று இருக்கிறது. பொதுவான விகிதம் மணிக்கு 4.50 வெள்ளி. எட்டு மணி நேர வகுப்புக்கு 36 வெள்ளி. மூன்று நாள் வகுப்பு என்றால் 108 வெள்ளி. அந்த 36 வெள்ளிக்கு ஒரு முழு ஷிஃப்ட் வந்து நிற்க யார் கிடைப்பார்? முப்பது பேர் இருக்கும் வார்டில் நான்கு ஊழியர் இருக்க வேண்டிய நேரத்தில் மூவர் இருப்பார்கள். குளிப்பாட்டுவது தாமதமாகும். காலை உணவு ஆறிப்போகும். இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டியவரை ஒருவர் தூக்கப் பார்த்து முதுகு பிடித்துக்கொள்ளும். அப்புறம் அவருக்கு மூன்று நாள் மருத்துவ விடுப்பு.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. ஸ்கில்ஸ்ஃபியூச்சர் சலுகைகள் அடிப்படையில் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உரியவை. ஆனால் படுக்கையருகே நிற்பவர்களில் மிகப் பலர் வேலை அனுமதிச் சீட்டில் வந்தவர்கள்: மியன்மார், பிலிப்பீன்ஸ், இந்தியா, இலங்கை. பெரியம்மாவின் கரண்டியைத் தடுத்த அந்தப் பெண்ணுக்கு 4,000 வெள்ளிக் கணக்கு கிடையாது, 70 விழுக்காடும் கிடையாது. அவருடைய பயிற்சிச் செலவு துறைக்கென உள்ள தனி நிதியிலிருந்தோ, இல்லத்தின் கையிருப்பிலிருந்தோ, யாரோ கொடுத்த நன்கொடையிலிருந்தோதான் வர வேண்டும். நாட்டின் தொழிலாளர் பயிற்சிக் கொள்கை என்ற கோணத்தில் இந்த விதி எனக்குப் புரிகிறது. தன் மக்களின் திறனை வளர்ப்பதற்குத்தான் ஒரு நாடு வரிப்பணத்தைச் செலவழிக்கும். ஆனால் பயிற்சியின் பலன் போய்ச் சேருவது பெரியம்மாவுக்கு. அவர் தெலுக் பிளாங்காவில் நாற்பது ஆண்டுகள் வாழ்ந்த சிங்கப்பூர்க் குடிமகள். பயிற்சி பெறுகிறவரின் பாஸ்போர்ட்டைப் பார்க்காமல், பராமரிப்பு பெறுகிறவரை வைத்து இந்தச் செலவைக் கணக்கிட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

பெரிய நிறுவனங்களுக்கு இது சமாளிக்கக்கூடியது. பல இல்லங்களை நடத்துகிறவர்கள் ஓர் இல்லத்திலிருந்து இன்னொன்றுக்கு ஆளை மாற்றிவிடலாம், பயிற்சிக்கென்றே ஒரு பிரிவை வைத்துக்கொள்ளலாம், விண்ணப்பம் எழுதவும் தனி ஆள் இருப்பார். ஒரே ஒரு பகல்நேர நிலையத்தை நடத்தும் சின்ன அமைப்பில் மேலாளரே ஓட்டுநரையும் பார்ப்பார், கணக்கையும் பார்ப்பார், விண்ணப்பப் படிவத்தை இரவு ஒன்பது மணிக்கு மேல் திறப்பார். அந்தப் படிவம் எதைக் கேட்கிறது என்பதைக் கவனியுங்கள்: இந்தத் திட்டத்தால் என்ன மாறும், எப்படி அளப்பீர்கள், எத்தனை பேர் பயனடைவார்கள், மூன்றாண்டுக்குப் பிறகு எப்படித் தொடர்வீர்கள். நியாயமான கேள்விகள். அவற்றுக்குப் பதில் எழுதுவதும் ஒரு திறன், அதற்கும் பயிற்சி வேண்டும். தேசிய சமூகச் சேவை மன்றம் வழிநடத்தும் 'கம்யூனிட்டி கேப்பபிலிட்டி டிரஸ்ட்' நிதி 2022இல் வந்தபோது, பத்தாண்டுகளில் 480 மில்லியன் வெள்ளி வரை என்றார்கள். சமூக சேவை அமைப்புகளின் நிர்வாகத் திறன், மின்னிலக்கமயம் ஆகியவற்றை வளர்ப்பதற்கான பணம் அது. முதியோருக்கு நேரடியாகச் சேவை செய்யாத செலவு என்று சில நிர்வாகக் குழுக்கள் அதைத் தள்ளிவைக்கின்றன. அது தவறு என்று நினைக்கிறேன். இரவு ஒன்பது மணிக்கு மேலாளர் தனியாக உட்கார்ந்து தட்டச்சு செய்யாமல் இருக்க அதுதான் வழி.

விதிகளும் இறுகிக்கொண்டே வருகின்றன. தாதிமை இல்லங்களுக்கான மேம்பட்ட தர விதிகள் 2015இல் நடப்புக்கு வந்தன. 1980இன் பழைய சட்டத்தை மாற்றிய சுகாதாரப் பராமரிப்புச் சேவைகள் சட்டத்தின் கீழ் உரிமம் பெறும் முறை கட்டம் கட்டமாக வந்து, 2023 டிசம்பரில் தாதிமை இல்லங்களையும் எட்டியது. தொற்றுக் கட்டுப்பாடு, விழாமல் பார்த்துக்கொள்வது, கட்டிவைக்காமல் பராமரிப்பது, இறுதிக்காலப் பராமரிப்பு என்று ஊழியர் தெரிந்திருக்க வேண்டியவை கூடிக்கொண்டே போகின்றன. இதை நான் வரவேற்கிறேன். அப்படிக் கேட்கும்போது அதற்கான மணிநேரத்தையும் யாராவது வாங்கிக்கொடுக்க வேண்டும்.

நன்கொடையின் இரட்டிப்பு

இங்கேதான் 'கம்யூனிட்டி சில்வர் டிரஸ்ட்' முக்கியமாகிறது. 2011இல் தொடங்கிய இந்த நிதி, மூத்தோர் பராமரிப்பில் இருக்கும் தகுதிபெற்ற அறநிறுவனம் திரட்டும் ஒவ்வொரு வெள்ளிக்கும் ஈடாக இன்னொரு வெள்ளி தருகிறது. அந்தப் பணத்தைப் புதிய சேவைக்கும் இருக்கும் சேவையை மேம்படுத்தவும் ஊழியரின் திறன் வளர்க்கவும் பயன்படுத்தலாம். அங்கீகாரம் பெற்ற பொதுநல அமைப்புக்குக் கொடுக்கும் நன்கொடைக்கு 250 விழுக்காடு வரிக்கழிவும் இருக்கிறது. 1,000 வெள்ளி கொடுத்தவர் தன் வருமானத்தில் 2,500 வெள்ளியைக் கழித்துக்காட்டலாம். இல்லத்தின் கைக்கோ 2,000 வெள்ளி போய்ச் சேரும்.

நம்மவர்கள் அன்னதானத்துக்குத் தயங்காமல் கொடுப்பார்கள். இல்லத்துக்குப் போய் ஒரு வேளை பிரியாணி வாங்கிக்கொடுத்து, பிறந்தநாள் கொண்டாடிவிட்டு வருவார்கள். நானும் செய்திருக்கிறேன், பெரியவர்கள் சிரிக்கும்போது நிறைவாக இருக்கும். ஆனால் அந்த வார்டில் பாதிப்பேர் பிரியாணி சாப்பிட முடியாதவர்கள். அதே தொகையை, 'ஊழியர் பயிற்சிக்கு, அன்றைய மாற்று ஆளுக்கான கூலி உட்பட' என்று சொல்லிக் கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அரசாங்க மானியங்கள் பெரும்பாலும் புதிய திட்டத்துக்குக் கிடைக்கும். ஏற்கெனவே நன்றாக நடப்பதைத் தொடர்வதற்குக் கிடைப்பது அரிது. நன்கொடையாளர் இப்படிக் குறிப்பிட்டுக் கொடுத்தால் அந்த இடைவெளியை அடைக்க முடியும். மலையாளிகள் 1948இல் தொடங்கிய ஸ்ரீ நாராயண மிஷன் இன்று எல்லா இனத்தாருக்கும் தாதிமை இல்லமும் பகல்நேரப் பராமரிப்பும் நடத்துகிறது. அப்படி ஒரு நிலையைச் சமூகத்தின் கொடையோடு எட்ட முடியும் என்பதற்கு நம் கண்முன்னே இருக்கும் சான்று அது.

தமிழ் தெரிந்த ஒரு கை

மனநலக் கழகம் 2013இல் நடத்திய ஆய்வில், 60 வயதைக் கடந்தவர்களில் பத்தில் ஒருவருக்கு முதுமை மறதிநோய் இருப்பது தெரிந்தது. 2023இல் மறுபடி செய்தபோது அது 8.8 விழுக்காடாகக் குறைந்திருந்தது. விழுக்காடு குறைந்தாலும் முதியோர் தொகை கூடுவதால், நோயோடு வாழ்கிறவர்கள் குறைந்துவிடப் போவதில்லை. மறதிநோய் முற்றும்போது பிற்காலத்தில் கற்ற மொழிகள் முதலில் நழுவும். ஆயுள் முழுக்க மலாயும் ஆங்கிலமும் பேசிச் சந்தைக்குப் போய்வந்த பாட்டி, கடைசியில் தமிழில் மட்டும் பேசுவார். மக்கள்தொகையில் இந்தியர் 9 விழுக்காடு. அதில் தமிழ் பேசுகிறவர் இன்னும் குறைவு. நாற்பது பேர் இருக்கும் தளத்தில் ஒரே ஒரு தமிழ்ப் பாட்டி இருப்பது சாதாரணம்.

அவர் "அம்மா வரல, வீட்டுக்குப் போகணும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தால், புரியாதவர் அதை நோயின் பதற்றம் என்று குறித்துக்கொள்வார். புரிந்தவர் "வாங்க பாட்டி, அம்மா வர்ற வரைக்கும் இங்க உட்காருவோம்" என்று கையைப் பிடிப்பார். ஒன்றில் மருந்து கூடும், மற்றதில் பத்து நிமிடத்தில் அடங்கும். மறதிநோயாளரோடு எப்படிப் பேசுவது என்ற வகுப்புகள் நிறைய இருக்கின்றன. அவற்றில் தமிழில் சொல்ல வேண்டிய இருபது வாக்கியங்கள் இருந்தால் எவ்வளவு உதவும்! வலிக்குதா, எங்க வலிக்குது, தண்ணி வேணுமா, பாத்ரூம் போகணுமா, மெதுவா, பயப்படாதீங்க. இதை எழுதிக்கொடுக்க மானியமே வேண்டாம். தமிழ் தெரிந்த ஒரு தொண்டூழியர் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கினால் போதும்.

குடும்பங்களுக்கும் பயிற்சி உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. பராமரிப்பாளர் பயிற்சி மானியத்தைக் கொண்டு மகளோ மருமகளோ வீட்டுப் பணிப்பெண்ணோ, தூக்குவது, குளிப்பாட்டுவது, குழாய்வழி உணவு கொடுப்பது போன்றவற்றைக் கற்கலாம். வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் குடும்பங்களுக்கான இல்லப் பராமரிப்பு மானியம் 2019இல் மாதம் 200 வெள்ளியாகத் தொடங்கி, 2023இல் 400 வரை போனது. 2026 ஏப்ரல் முதல் அதிகபட்சம் 600 வெள்ளி என்று அறிவித்தார்கள். இவற்றுக்கெல்லாம் முதல் கதவு ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்புதான். 1800-650-6060 என்ற எண்ணில் கூப்பிடலாம்.

செய்தியைப் பின்தொடர்வதற்கும் ஒரு காலம் இருக்கிறது. பிப்ரவரியில் வரவுசெலவுத் திட்டம் தொகையைச் சொல்லும். மார்ச்சில் சுகாதார அமைச்சு தன் செலவு ஒதுக்கீட்டு விவாதத்தில் அதை யாருக்கு, எப்போது, எவ்வளவு என்று பிரித்துச் சொல்லும். இல்லம் நடத்துகிறவர்களுக்கு மார்ச் விவாதம்தான் முக்கியம். பெரிய திசைமாற்றம் ஏதாவது இருந்தால் ஆகஸ்டில் தேசிய தினப் பேரணியில் வரும். அறிவிப்புக்கும் நடப்புக்கு வருவதற்கும் நடுவே ஓராண்டுகூட ஆகலாம். அந்த இடைவெளியில்தான் ஆளைத் தயார் செய்ய முடியும்.

பெரியம்மா இருக்கும் இல்லத்தில் இப்போது ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். ஊழியரை வகுப்புக்கு அனுப்புவதற்குப் பதிலாக, பயிற்றுவிப்பாளரை வார்டுக்கே வரவழைக்கிறார்கள். பிற்பகல் இரண்டு மணிக்குக் காலை ஷிஃப்ட் முடிந்து மதிய ஷிஃப்ட் வரும்போது ஏறத்தாழ ஒரு மணி நேரம் இரண்டு அணியும் கட்டடத்தில் இருக்கும். ஓர் அணி வார்டைப் பார்க்கும், மற்றது சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்காரும். காலை அணிக்கு அது கூடுதல் நேரம் என்பதால், அதற்கான சம்பளத்தை நன்கொடை நிதியிலிருந்து எடுக்கிறார்கள். போன மாதம் நான் போனபோது விழுங்கும் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. மேசைமேல் நான்கு கிண்ணம்: பால், மைலோ, சூப், என் வீட்டு ரசம். மியன்மார்ப் பெண் கரண்டியைச் சாய்த்துப் புதிதாக வந்த இருவருக்குக் காட்டிக்கொண்டிருந்தார். பெரியம்மா சற்றுத் தள்ளி நாற்காலியில் உட்கார்ந்து, தன் முறை எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.